படிக்கிற மாதிரி எழுதாத குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசியல் நையாண்டித் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘எஸ் மினிஸ்டர்’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரில் மந்திரி ஜிம் ஹேக்கர் அப்பாவி, அவர் துறையின் செயலாளர் சர் ஹம்ப்ரி சூழ்ச்சிக்காரர் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் முப்பத்தோரு வருடம் சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

2001-இல் ஸ்டார் பிளஸ்ஸில் ஃபாரூக் ஷேக் மந்திரியாக நடித்து ‘ஜி மந்திரிஜி’ என்று இந்தியில் வந்தபோதுதான் முதலில் பார்த்தேன். இந்தி அரைகுறைதான். ஆனால் கோப்பு கைமாறும் விதம் புரிய இந்தி எதற்கு? பிபிசியின் மூலத் தொடரை ஓய்வுபெற்ற பிறகுதான், மகன் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். 1980-இல் தொடங்கி, ஹேக்கர் பிரதமரான பிறகு நடக்கும் கதையையும் சேர்த்து 1988 வரை மொத்தம் 38 பகுதிகள். அவர் எந்தக் கட்சி என்று கடைசி வரை சொல்லவே மாட்டார்கள். நம் ஊர் நையாண்டியில் துண்டைப் பார்த்தாலே கட்சி தெரிந்துவிடும், அப்புறம் யார் மேல் கோபப்படுவது என்பதும் தெரிந்துவிடும். இதில் அந்த வசதி இல்லை.

கட்டுரையாளர் 1982 டிசம்பரில் வந்த ‘விஸ்கி பாதிரி’ பகுதியை ஒருமுறை பார்க்க வேண்டும். பிரிட்டனில் தயாரான குண்டு வெடிப்புக் கருவிகள் இத்தாலியத் தீவிரவாதிகள் கைக்குப் போகின்றன என்று ஒரு ராணுவ மேஜர் வந்து ஹேக்கரிடம் சொல்லிவிடுகிறார். ஹேக்கருக்கு நிஜமாகவே கோபம் வருகிறது, பிரதமரிடம் போகிறேன் என்று குதிக்கிறார். போனால் விசாரணை வரும், விசாரணையில் பெரிய இடத்துத் தலைகள் உருளும் என்று கட்சிக் கொறடா மிரட்டியதும் அடங்கிவிடுகிறார். ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது, நாளைக்கு யாராவது கேட்டால்? அதற்கு ஹம்ப்ரி வழி சொல்கிறார். சொன்னது போலவும் இருக்க வேண்டும், கேட்டவருக்குக் காதில் விழவும் கூடாது. படித்தால் தலையும் வாலும் புரியாத மாதிரி ஒரு கடிதம் எழுதி, பிரதமர் வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிளம்பும் நாளில் போய்ச் சேரும்படி அனுப்பிவிட வேண்டும்.

இதே பகுதியில் ஹம்ப்ரி தன் பக்கத்தையும் பேசுகிறார். இத்தனை அரசுகளுக்கு வேலை செய்திருக்கிறேன், ஒவ்வொன்றின் கொள்கையையும் மனதார நம்பியிருந்தால் உருக்காலையை அரசுடைமை ஆக்குவது, தனியாருக்குக் கொடுப்பது, மறுபடி அரசுடைமை ஆக்குவது எல்லாமே சரி என்று நம்பியிருக்க வேண்டும், பைத்தியம்தான் பிடித்திருக்கும் என்கிறார். சேலத்துக்காரனுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எங்கள் உருக்காலையை விற்கப் போகிறோம் என்றார்கள், அப்புறம் விற்கவில்லை என்றார்கள். இரண்டுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எழுதியிருப்பார்.

மந்திரியின் தனிச் செயலாளர் பெர்னார்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நிற்கிறான். நானும் கடைசியில் உள்ளே ஒன்றும் இல்லாத ஆளாகிவிடுவேனா என்று ஹம்ப்ரியிடம் கேட்கிறான். ஆக வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன் என்கிற மாதிரி பதில் வருகிறது. அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

என் அலுவலகத்தில் தொண்ணூறுகளில் நடந்தது. மலைப்பகுதியில் மரம் வெட்ட, அதற்கென உள்ள அரசுக் குழுவின் அனுமதி வேண்டும் என்று 1955-லேயே சட்டம் இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில், காபிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் மரங்களை அனுமதித்த கணக்கைவிட அதிகமாக வெட்டிவிட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் மனு கொடுத்தார். மனு என் இருக்கைக்கு வந்தது. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, “குறிப்பு போடாம விட்டா நாளைக்கு நம்ம தலைதான் உருளும். போடு. ஆனா படிக்கிற மாதிரி போடாதே” என்றார்.

போட்டேன். “மனுவில் கண்டுள்ள பொருள் குறித்து முகாந்திரம் உள்ளதா என அறியத் தேவை ஏற்படின், உரிய அறிக்கை கோரப்படலாமா என்பது குறித்து ஆணை வேண்டிப் பணிந்தனுப்பப்படுகிறது.” இதில் எழுதியவனும் இல்லை, வெட்டியவனும் இல்லை, மரமும் இல்லை. மாறுதல் உத்தரவு வந்திருந்த அதிகாரியின் மேசைக்கு அவருடைய கடைசி நாள் சாயங்காலம், கட்டோடு கட்டாக அனுப்பினேன். பச்சை மையில் சுருக்கொப்பம் வந்தது. அடுத்து வந்தவருக்கு அது ஏற்கெனவே பார்த்த கோப்பு. அன்றைக்குக் கண்காணிப்பாளர் எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

மனு கொடுத்தவர் அதன்பிறகு இரண்டு முறை மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தார். சேலத்து வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர், கையில் துணிப்பை. “ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா அய்யா?” என்று கேட்பார். நடவடிக்கையில் இருக்கிறது என்பேன். இரண்டாவது முறை பை நிறையப் பேரிக்காய் கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன், அப்புறம் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது முறை அவர் வரவில்லை.

ஹேக்கரை அவர் மனைவி ஆனி ‘விஸ்கி பாதிரி’ என்கிறாள். கிரஹாம் கிரீன் நாவலில் குடித்துக்கொண்டே பூசை செய்யும் பாதிரியார் வருவாரே, அந்த மாதிரி. தப்பு செய்தாலும் அது தப்பு என்றாவது தெரிகிறதே என்பது அவள் சமாதானம். அதைக் கேட்ட சந்தோஷத்தில் ஹேக்கர் அடுத்த பாட்டிலைத் தேடுகிறார். எனக்கு இந்தச் சமாதானம் ஒட்டவில்லை. தப்பு என்று எனக்கும் அன்றைக்கே தெரியும். தெரிந்ததனால்தான் அந்த வாக்கியம் அவ்வளவு அழகாக வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1984-இல் அப்போதைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரே அந்த நடிகர்களோடு மேடையேறி, இந்தத் தொடர் பாணியில் ஒரு குட்டிக் காட்சி நடித்தார். ஆட்சியில் இருப்பவரே இப்படிக் கொண்டாடினால் நையாண்டிக்குப் பல் இருக்கிறதா என்ற கட்டுரையாளரின் கேள்வி நியாயமானது. பல் இருக்கிறது. தாட்சரைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான். சேலத்தில் ஒரு எழுத்தரைக் கடித்தது.

இந்தக் கடிதத்தை முதலில் எழுதியபோது “குறிப்பு எழுதப்பட்டது”, “கோப்பு அனுப்பப்பட்டது” என்றுதான் கை தானாகப் போயிற்று. அடித்துவிட்டு “போட்டேன்”, “அனுப்பினேன்” என்று மாற்றியிருக்கிறேன். பிரசுரித்தால் பெயரை மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவியாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.