'தீம் பார்க் இல்லாத ஃபுளோரிடா' பேக்கேஜ்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி இறுதிப் புகார்

அனுப்புநர்: பட்டுக்கோட்டை வாடிக்கையாளர் (பெயரும் பதிவு எண்ணும் உங்கள் கோப்பில் உள்ளன)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை

பொருள்: 2024 மே மாத ஃபுளோரிடா குடும்பச் சுற்றுலாவில் நடந்த குளறுபடிகள், பணம் திரும்பப் பெறுதல், டிசிஎஸ் (விற்பவர் வாடிக்கையாளரிடம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) சான்று தராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் தஞ்சாவூர் கிளையில் நேரில் போய்ச் சொல்லியாயிற்று. மெயில் போட்டாயிற்று. வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, நீல டிக் விழுந்ததைப் பார்த்தாயிற்று. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறார்கள், தலைமை அலுவலகம் 'ஆபரேஷன்ஸ் டீம்' என்கிறது, அந்த டீமுக்குப் போன் போட்டால் "உங்க கிளையிலயே பேசிக்கோங்க சார்" என்று வைத்துவிடுகிறார்கள். இனிப் பேச்சு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

பேக்கேஜில் என்னென்ன இருந்தது என்று நான் உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. நீங்கள் போட்டது, நீங்கள் விற்றது. நாங்கள் ஏன் அதை எடுத்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, வரிசையில் நிற்க முடியாது. சின்னவனுக்கு ராட்டினம் என்றாலே வயிற்றைப் பிசையும். ஐந்து பேருக்கு தீம் பார்க் டிக்கெட் எடுத்து, ரெண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைக் காப்பதற்கு அவ்வளவு தூரம் போவானேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. நீரூற்று, கடற்பசு, பழைய கோட்டை, ராக்கெட், இரவில் ஒளிரும் தண்ணீர். "பாட்டி முதல் பேரன் வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

நேரே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மே 26. ப்ளூ ஸ்பிரிங் ஸ்டேட் பார்க், ஆரஞ்ச் சிட்டி. உங்கள் நிகழ்ச்சி நிரலில் "கடற்பசுக் கூட்டத்தை அருகில் கண்டு மகிழுங்கள்" என்று இருந்த நாள்.

மறுநாள் திங்கள் அமெரிக்காவில் மெமோரியல் டே, நீண்ட வார இறுதி. இந்த மாதிரி நாளில் அந்தப் பூங்காவில் வாகன இடம் நிரம்பியதும் வாசலை மூடிவிடுவார்கள், கொஞ்சம் வண்டி வெளியே வந்த பிறகுதான் திறப்பார்கள். அமெரிக்கா டூர் போடும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஆனால் வேனை 9 மணிக்குத்தான் ஹோட்டலுக்கு அனுப்பினீர்கள். கிஸிமீயிலிருந்து போய்ச் சேரும்போது வாசல் மூடியிருந்தது. சாலையோரம் வேன், உள்ளே ஏசி, மடியில் ஃபாயிலில் சுற்றிய புளிச்சோறு, பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த என் அம்மா. அப்புறம் மதியம் தாண்டித்தான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே தண்ணீர் கண்ணாடி மாதிரி. பையன்கள் டியூபில் மிதக்கிறார்கள், ஒருவன் படிக்கட்டிலிருந்து குதிக்கிறான். கடற்பசு ஒன்றுகூட இல்லை. சீருடையில் இருந்த ரேஞ்சர் அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை. பொறுமையாகச் சொன்னார்: ஊற்றுத் தண்ணீர் வருஷம் முழுக்க 72 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 22 டிகிரி. குளிர்காலத்தில் பக்கத்து செயின்ட் ஜான்ஸ் ஆறு அதைவிடக் குளிர்ந்துபோகும், 20 டிகிரிக்குக் கீழே போனால் கடற்பசுக்களுக்கு உடம்பு தாங்காது. அதனால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை ஊற்றில் வந்து ஒண்டிக்கொள்ளும். அந்த ஜனவரியில் ஒரே நாளில் 900-க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். வெயில் வந்துவிட்டால் மேயக் கலைந்து போய்விடும். கடற்பசு இருக்கும் மாதங்களில் அங்கே மனிதர்களைக் குளிக்கவே விடுவதில்லை. அதாவது, மே மாதத்தில் நூறு பேர் குளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாலே அங்கே கடற்பசு இல்லை என்று அர்த்தம். உங்கள் நிகழ்ச்சி நிரலில் அதே நாளில் "நீச்சல்" என்றும் இருந்தது, "கடற்பசு" என்றும் இருந்தது. எழுதியவர் எதை நினைத்து எழுதினார்?

என் மகள் எட்டாம் வகுப்பு. எங்கள் பக்கம் பாக் விரிகுடாவில் 2022-ல் அரசு கடற்பசுக் காப்பகம் அறிவித்ததிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. பள்ளிக்கு ஒரு புராஜெக்ட் நோட்டு போட்டிருந்தாள். நம் கடற்பசுவுக்கு வால் திமிங்கிலம் மாதிரி பிளந்திருக்கும், ஃபுளோரிடாவில் இருப்பதற்குத் துடுப்பு மாதிரி வட்டமாக இருக்கும். இடது பக்கம் நம்முடையதை வரைந்து, வலது பக்கத்தை நேரில் பார்த்து வரைய வெறுமையாக விட்டிருந்தாள். அதை அப்படியே மூடிப் பையில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் உங்கள் '24 மணி நேர உதவி எண்'ணுக்கு அடித்தேன்.

இங்கேதான் உங்கள் 'ட்ரிப் எக்ஸ்பர்ட்' வருகிறார். முதலில் "சார், இங்க ராத்திரி, அதுவும் சண்டே" என்றார். 24 மணி நேரத்தில் ராத்திரி சேராது போலும். மேற்கே ரெண்டு மணி நேரத் தூரத்தில் கிறிஸ்டல் ரிவர் பக்கம் கோடையிலும் சில கடற்பசுக்கள் இருக்கும் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். மறுநாள் ஷாப்பிங்குக்கு விட்ட நேரத்தில் எங்களை அங்கே அனுப்ப முடியுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது, பிள்ளைகள் பக்கத்தில். அவர் சொன்னது, சொல்லுக்குச் சொல்:

"சார், எல்லாரும் ஃபுளோரிடா போனா மிக்கி மவுஸைப் பார்ப்பாங்க. நீங்க மாடு பார்க்கப் போயிருக்கீங்க. மாடு வரலைன்னா நான் என்ன சார் பண்றது?"

பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது.

ஐயா, உங்களிடம் பணிவாகவே கேட்கிறேன். 'தீம் பார்க் இல்லாத' என்று தலைப்பு வைத்து விற்றது நீங்களா, நானா? அதை வாங்கியவனை உங்கள் ஆளே கேலி செய்தால் அந்தப் பொருளை எதற்கு விற்கிறீர்கள்? இந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்க வேண்டும், "பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஆரம்பத்தில் ஒரு பெண் குரல் சொல்கிறதே. எடுத்துக் கேளுங்கள்.

இதற்கு மூன்று நாள் முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், வரிசை மாறினால் மன்னிக்கவும். மே 23 இரவு மெரிட் ஐலண்ட் பக்கத்து உப்பங்கழியில் கயாக். துடுப்பு போட்டால் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் நீலமாக மின்னும் என்பதுதான் விசேஷம். அதைப் பார்க்க இருட்டு வேண்டும், அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். நீங்கள் போட்டது பௌர்ணமி இரவு! கரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி என் அம்மாவே சொன்னார், "ஏம்ப்பா, நேத்துதான் விசாகம். நிலா பகலாட்டம் அடிக்குது, இதுல என்னத்த மின்னப் போவுது?" காலண்டர் பார்க்கத் தெரிந்த எங்கள் அம்மாவுக்கு உள்ள விவரம் உங்கள் எக்ஸ்பர்ட்டுக்கு இல்லை. அங்கே இருந்த வழிகாட்டிப் பையனும் நல்ல சீசனே இனிமேல்தான், ஜூனிலிருந்து அக்டோபர் வரை என்றான். பாவம், அவன்தான் எங்களிடம் ஸாரி சொன்னான். உங்களிடமிருந்து இன்றுவரை அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் அந்த எவர்கிளேட்ஸ் சதுப்புநில நாள். காலை ஷார்க் வேலி, மாலை செயின்ட் அகஸ்டின் கோட்டை. ஒன்று தெற்கு முனையில், இன்னொன்று வடகிழக்கு மூலையில். நடுவே 500 கிலோமீட்டருக்கு மேல். காலையில் கன்னியாகுமரி, மாலையில் விழுப்புரம் என்று யாராவது குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போவார்களா? உங்கள் கிளையில் இதைக் கேட்டபோது "மேப்ல பக்கத்துல தெரிஞ்சுச்சு சார்" என்றார்கள். ஷார்க் வேலியில் டிராம் வண்டியில் போனோம், பாதையோரத்திலேயே முதலைகள் கிடந்தன, நன்றாகத்தான் இருந்தது, கொசுவைத் தவிர. ஆனால் கோட்டையைப் பார்க்க முடியாமல் போயிற்று. எங்கள் பக்கத்து மனோரா கோட்டையின் படிகளில் ஏறி வளர்ந்த என் மகனுக்கு அதுதான் ஆசை. 1565-ல் ஸ்பானியர்கள் உண்டாக்கிய ஊர், கடற்சிப்பி இறுகிய கல்லில் கட்டிய கோட்டை, பீரங்கிக் குண்டு பட்டாலும் உடையாமல் உள்வாங்கிக்கொள்ளும் சுவர். இதெல்லாம் உங்கள் கையேட்டில் படித்துத்தான் அவன் ஆசைப்பட்டான்.

கென்னடி விண்வெளி மையத்துக்கு, நாங்கள் போனதற்கு முந்தின நாள் தேதி போட்ட வவுச்சர் கொடுத்திருந்தீர்கள். அங்கேயே புதிதாக டிக்கெட் எடுத்தேன், ரசீது இணைத்திருக்கிறேன். அட்லாண்டிஸ் விண்கலத்தின் முன்னால் நின்றபோது கோபம் கொஞ்சம் மறந்தது உண்மை. அதற்கான பெருமை உங்களைச் சேராது.

முழுப் பயணத்தில் என் அம்மா வாய்விட்டு நன்றாக இருந்தது என்று சொன்னது ஒன்றுதான்: வின்டர் பார்க் என்ற ஊரில் ஒரு மணி நேரப் படகு. மூன்று ஏரி, நடுவே ரெண்டு குறுகிய கால்வாய், இருபக்கமும் மரம் கவிந்து நிழல். 1938-லிருந்து ஓடுகிறதாம். உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இது உங்கள் பேக்கேஜில் இல்லை. வேன் ஓட்டிய பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகக் கூட்டிப்போனது. உங்கள் அலுவலகம் முழுவதையும் விட அந்த ஓட்டுநருக்கு ஃபுளோரிடா தெரிந்திருக்கிறது. அவருக்கு டிப்ஸ் "பேக்கேஜில் அடக்கம்" என்றீர்கள், அவர் கைக்கு எதுவும் வரவில்லை என்றார். அதையும் விசாரியுங்கள்.

இனிப் பணம். 6,80,000 ரூபாய் கட்டினேன், விமானம் தனி. நான் வற்புறுத்திக் கேட்ட பிறகு நீங்கள் அனுப்பிய செலவு விவரத்தில் ப்ளூ ஸ்பிரிங் நுழைவுக் கட்டணம் தலைக்கு 25 டாலர் என்று இருக்கிறது. வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்: வண்டிக்கு 6 டாலர், எட்டுப் பேர் வரை. ஒரு வண்டிக்கு ஆறு டாலர் எங்கே, ஐந்து தலைக்கு 125 டாலர் எங்கே? மற்ற இடங்களில் எவ்வளவு இப்படி ஏறியிருக்கிறதோ!

அதன்மேல் 5 சதவீதம் டிசிஎஸ் என்று 34,000 பிப்ரவரியிலேயே வாங்கினீர்கள். என் 26ஏஎஸ் வரிப் பதிவுப் பட்டியலில் அது ஏறவே இல்லை. வரி பிடித்ததற்கான 27டி சான்றும் வரவில்லை. ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும் என்று ஆடிட்டர் நெருக்க, அந்தத் தொகையைக் கணக்கில் காட்டாமலேயே போட வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரிடம் பிடித்த வரியை அரசுக்குக் கட்டினீர்களா என்று வருமான வரித் துறை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெயிலில் வந்த ஒரே பதில் நிபந்தனை 14: "வனவிலங்குகளைக் காண்பதற்கு உத்தரவாதமில்லை." இருக்கும் காலத்தில் போய்க் கண்ணில் படாவிட்டால் அது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். வருஷா வருஷம் இல்லாத மாதத்தில் அனுப்பிவிட்டு அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடுவது விற்பனை மோசடி. இதற்கு மேல் நாகரிகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாரும் இதற்கு முன் வெளிநாடு போனதில்லை. இனி எங்கே போகப்போகிறோம்? அம்மாவுக்கு வயது திரும்பாது, பிள்ளைகளுக்கு இந்த விடுமுறை திரும்பாது. எங்கள் வாழ்நாள் சேமிப்பும் வாழ்நாள் ஆசையும் சேர்ந்தே நாசமாயின. அதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது, இருந்தாலும் கேட்கிறேன்: பேக்கேஜ் தொகை முழுவதும், விண்வெளி மைய டிக்கெட் பணம், மன உளைச்சலுக்கு 5 லட்சம், 27டி சான்று.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. தஞ்சாவூர் கிளையில் அட்வான்ஸ் வாங்கும்போது காபி கொடுத்து நன்றாகத்தான் பேசினார்கள். சுமுகமாக முடித்தால் நானும் இதோடு விட்டுவிடுவேன். இல்லையென்றால், கடிதம் கிடைத்த 15 நாளில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீலும் கட்டாயமில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னையிலிருந்து உங்கள் ஆள்தான் வந்து போக வேண்டும். அந்த 'எக்ஸ்பர்ட்'டையே அனுப்பினால் எனக்கு ரொம்ப சந்தோஷம். அவர் சொன்ன வாசகத்தை ஆணையத்தின் முன்னால் அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

வவுச்சர்கள், செலவு விவரம், பூங்கா வாசல் பலகையின் படம், வாட்ஸ்அப் உரையாடல், டிக்கெட் ரசீது எல்லாம் இத்துடன் இணைத்துள்ளேன். பதில் எழுத்தில் வரட்டும். தயவுசெய்து அவரை மட்டும் எனக்குப் போன் செய்ய விடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பட்டுக்கோட்டை.

நகல்: தஞ்சாவூர் கிளை மேலாளர் (தகவலுக்காக, தட்டிக்கழிக்க அல்ல)