அக்காவுக்கு, தீபத்துக்கு முன்னாடி

அக்கா,

டிசம்பர் 3 திருவண்ணாமலை தீபத்துக்கு நான் டிவில லைவ் நிக்கிறேன். டெஸ்க்ல கேட்டாங்க, சரின்னு சொல்லிட்டேன். சொந்தக்காரங்க குரூப்ல இந்த வருசம் வேணாம்னு நீ போட்ட மெசேஜ பாத்துட்டுத்தான் சொன்னேன், பாக்காம இல்ல.

அம்மா போயி இன்னும் வருசம் திரும்பல, நம்ம வீட்டுக்கு இந்த வருசம் பண்டிகை கிடையாது, கோயில் வாசப்படி மிதிக்கக்கூடாது, இதெல்லாம் எனக்கும் தெரியும்க்கா, கொள்ளி வச்சவன் நான். அதனாலதான் விடியக்காலை 4 மணிக்கு கோயிலுக்குள்ள ஏத்துற பரணி தீபத்துக்கு நான் போகல, வேற ஆள் பாத்துக்குவார். சாயங்காலம் 6 மணிக்கு மாட வீதியில ஒரு லாட்ஜ் மொட்டை மாடி, அங்கதான் நிப்பேன். அது வேலை, சாமி கும்பிடுறது இல்லன்னு உங்கிட்ட சொல்லிடலாம்னு பாத்தேன், வாய் வரல. இத்தனை வருசமா எனக்கு வேலைதான் கும்பிடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சவன், இப்ப தீட்டுன்னு வந்ததும் அது வெறும் வேலைன்னு எப்படி மாத்திப் பேசுறது.

போன வருச தீபத்த நினைச்சுத்தான் உனக்கு இவ்வளவு கோவம்னு தெரியும். நீ வீட்டுல பாத்தத அம்மா காரியத்தப்போ எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. நாலு படி ஏத்தி உக்கார வச்சா மலை நேரா தெரியும், அம்மா வர மாட்டேன்னுட்டாங்க, தம்பி டிவில வருவான்னு உள்ளயே உக்காந்துட்டாங்க. வெளிய வெடிச் சத்தம் கேக்குது, தெருவே அரோகரான்னு கத்துது, டிவில இன்னும் மலை உச்சில தீபம் ஏத்துற கொப்பரை இருட்டா இருக்குது, லைவ்னாலே சில செகண்டு பின்னாடிதான வரும். அம்மா தீப்பெட்டிய கையில வச்சுக்கிட்டு அகல ஏத்தாம உக்காந்திருந்தாங்கன்னு சொன்ன. டிவில எரிஞ்சதுக்கு அப்புறம்தான் ஏத்தினாங்கன்னு சொன்ன. கடைசி தீபத்தக் கூட நேர்ல பாக்க விடாம பண்ணிட்டான்னு சொன்ன பாரு, அது இன்னும் உள்ள குத்திக்கிட்டே இருக்குது.

என் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. நானும் மலைய பாக்கலக்கா. கேமரா என்னையும் மலையையும் சேத்துக் காட்டணும்ல, அதனால நான் மலைக்கு முதுகு காட்டித்தான் நிக்கணும். காதுல ஆங்கர் பேசிட்டே இருப்பாங்க, அர்த்தநாரீஸ்வரர் வெளிய வந்துட்டாரு, கொடிமரத்து முன்னாடி அகண்ட தீபம் ஏத்திட்டாங்க, இதெல்லாம் எனக்கு காது வழியாத்தான் வரும். கேமராமேன் டிரைபாட விட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குனாரு, அப்பதான் எரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. தொண்டை அடைச்சு ஒரு வரி முழுங்கிட்டேன், நெட்வொர்க்னு நினைச்சிருப்பாங்க. அந்த நேரத்துல அம்மாவத்தான் நினைச்சேன், பாத்துட்டு இருப்பாங்கன்னு. பாத்துட்டுத்தான இருந்தாங்க?

அதுக்கு முன்னாடி வீட்டுக்கே வரலன்னு சொல்ற. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு. டிசம்பர் 1 சாயங்காலம் வ.உ.சி. நகர்ல மண்ணு சரிஞ்சுச்சு, 7 பேர் போயிட்டாங்க, அதுல 5 பேர் குழந்தைங்க. மண்ண தோண்டி எடுக்கிற வரைக்கும் அங்கதான் நின்னேன். அங்க பாத்தத இங்க எழுத மாட்டேன், அவங்க சொந்தக்காரங்க இதே ஊர்லதான் இருக்காங்க. அப்புறம் கொப்பரை மலைக்குப் போகுமா போகாதான்னு ஒரு பேச்சு, வல்லுநர் குழு மலைல ஏறிப் பாத்துச்சு, பக்தர்கள மேல விடல, ஆனா வழிவழியா தீபம் ஏத்துற பர்வதராஜ குலத்துக்காரங்க எப்பவும் போல ஏத்தினாங்க, 13ம் தேதி தீபம் எரிஞ்சுது. அத்தனை சாவு பாத்த ஊரு அன்னிக்கு மேல பாத்து அழுதுச்சு, அத சொல்ல ஒருத்தன் வேணும்ல. ஸ்டோரிக்கு என்ன குடுக்குறாங்கன்னு கேக்காத, அத பொதுவுல எழுத முடியாது, ஆபீஸ்ல இருந்தும் படிப்பாங்க.

நீ பட்டது எனக்குத் தெரியாம இல்ல. சென்னைல வீட்டப் பூட்டிட்டு வந்து, ராத்திரி தூங்காம, அம்மாவுக்குக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி எல்லாம் நீதான். நான் வாங்கிட்டு வந்தது மாத்திரை மட்டும். உன் கையத் தொட்டு கும்பிடணும்னு தோணுது. ஆனா ஒண்ணு கேக்குறேன், நீ சென்னைல இருந்த வருசமெல்லாம் சோபாவுல உக்காந்து தீபம் பாத்துட்டு "நல்ல தரிசனம்டா"ன்னு எனக்கே போன் பண்ணுவியே, அது மட்டும் எப்படி தரிசனம் ஆச்சு? அம்மா பாத்தா மட்டும் ஏன் ஆகாது? உனக்கு சாமியும் நியூஸ்தான்னு எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

நீ இந்த வருசம் இங்க வரணும். வீட்டுல அகல் ஏத்துறதா வேணாமா, அது உன் முடிவு, நான் வாயத் திறக்க மாட்டேன். அம்மா டிவி அதே எடத்துலதான் இருக்குது, நீ விக்கச் சொன்ன, நான் விக்கல, மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேன், அவங்க பாத்த சீரியல் பேக்கும் சேத்து. அதுக்கும் திட்டுவ.

தீபம் நெருங்கிட்டா வெளியூர் பஸ்ஸ எல்லாம் ஊருக்கு வெளியவே தற்காலிக பஸ் ஸ்டாண்டுல நிறுத்திடுவாங்க, மாமா மூட்டுவலிய வச்சுக்கிட்டு அங்கருந்து நடக்க முடியாது, அதனால 1ம் தேதியே வந்துருங்க. இதுல எதுக்காவது திட்டணும்னா போன் பண்ணித் திட்டு, எத்தனை மணிக்கா இருந்தாலும் எடுப்பேன். குரூப்ல சித்தப்பா பசங்க முன்னாடி வேணாம்.

தம்பி