வெள்ளம் வடிந்த பிறகும் வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

2023 மார்ச்சில் மலேசியாவின் ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்தில் வெள்ளம் ஏறியபோது, லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் இருந்த எங்கள் குடும்பங்கள் துயர் துடைப்பு மையத்துக்குப் போனோம். அரிசி, பாய், போர்வை தந்த எல்லாருக்கும் அன்றே நன்றி சொல்லிவிட்டோம். நிவாரண லாரிகள் வருவது நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தவர்களுக்கு எழுதும் மடல் இது.

வீட்டைக் கழுவினோம், சேறு போனது. ஆனால் வானம் இருட்டினாலே பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார்கள். பெரியவர்கள் நடுராத்திரியில் எழுந்து வாசலில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மனநல மருத்துவர் என்றாலே நம்மவர்கள் தயங்குவார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

படம் வரையவைத்து மனதை ஆற்றும் கலைச் சிகிச்சையாளர் அம்மா, படம் வரைந்தால் பயம் போய்விடுமா என்று எங்களிலேயே சிலர் கேட்டார்கள். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். பேரிடரின் நினைவு பல நேரம் பேச்சில் வராது, காட்சியாகவும் சத்தமாகவும் மனதுக்குள் நின்றுவிடும், கை அதை மெல்ல வெளியே கொண்டுவரும் என்றீர்கள். செக் நாட்டில் தெரேசின் என்ற ஊரில் இருந்த நாஜி முகாமில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் பற்றிச் சொன்னீர்கள். 1944இல் அவர் கொல்லப்பட்டார். பிள்ளைகள் வரைந்த சுமார் 4,500 படங்கள் மிஞ்சின. அவருடைய மாணவி ஈடித் கிராமர் பிறகு இந்தச் சிகிச்சைக்கே முன்னோடியானார். அன்று மண்டபத்தில் பலர் கண் கலங்கினோம்.

வெள்ளத்தை வரையும்படி நீங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்பாகவே தேய்த்தான். எங்கள் ஆசிரியை பதறிப்போனார். நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கறுப்பு கிரேயானை நீட்டினீர்கள். "இது என்ன?" என்று கேட்கவில்லை, படத்துக்கு அர்த்தமும் சொல்லவில்லை. அதற்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமார்கள், "பென்சில் பிடிச்சுப் பழக்கமில்லம்மா" என்று ஒதுங்கினார்கள். நீங்கள் கோலமாவைக் கொடுத்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புள்ளி வைத்தபடியே, தண்ணீரோடு போன தாலிக்கொடியைப் பற்றி, செத்துப்போன ஆடுகளைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கினார்கள். அதுவரை பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவை அவை. தூக்கமே வராமல் தவித்த ஒருவரிடம், இதற்கு மருந்தும் வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, அரசாங்க மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போனீர்கள். எது உங்கள் கையில், எது டாக்டர் கையில் என்று தெரிந்த ஒருவர் எங்களுக்குக் கிடைத்தது பெரிய பாக்கியம்.

மண்டபத்தை வாடகையில்லாமல் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்துக்கும், மீஹூன் பொட்டலங்களோடு வந்த மலாய்க்கார மக்சிக்குக்கும் நன்றி. சிறந்த படத்துக்குப் பரிசு தர முன்வந்த புத்தகக் கடை தவுக்கே, இதில் போட்டி கூடாது என்றதும் அந்தப் பணத்தில் எல்லாருக்கும் வரைதாள் வாங்கித் தந்தார். அவருக்கும் எங்கள் நன்றி.

படங்களைக் கண்காட்சி வைக்கலாமே என்று சிலர் அன்போடு கேட்கிறார்கள். அவை வரைந்த பிள்ளைகளுக்கே சொந்தம். அவர்கள் சம்மதிக்காமல் வெளியில் காட்ட மாட்டோம். பெற்றோர்கள் பள்ளி அலுவலகத்தில் கேட்டால் அவரவர் பிள்ளையின் படங்கள் உள்ள உறையைப் பெற்றுக்கொள்ளலாம்.

அடுத்த பருவமழைக்கு முன் எங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் சம்மதித்திருக்கிறீர்கள் அம்மா. தேதியை மட்டும் சொல்லுங்கள், மண்டபச் சாவி எங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்,
பெற்றோர் ஆசிரியர் சங்கம்