272 படிக்கு முக்கால் மணி, மாலுக்கு நான்கு மணி

சேலத்திலிருந்து குடும்பங்களை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவருடன்தான் மே விடுமுறையில் போய்வந்தோம். யார் என்று எழுதப்போவதில்லை. திரும்பி வந்ததும் மற்ற சிலருடைய பயண நிரல்களையும் வாங்கிப் பார்த்தேன். அட்டைப் படம்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒரே அச்சு. ஆகவே இந்த மடல் எல்லோருக்கும் சேரும்.

முதலில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன். முன்பணம் கட்டும்போது, "பெரிய மால்களுக்கெல்லாம் கூட்டிப்போவீர்கள்தானே?" என்று கேட்டவள் நான்தான். அந்த ஆசை தீர்ந்தது. கோலாலம்பூரில் பெர்ஜயா டைம்ஸ் ஸ்குவேரில் கட்டடத்துக்குள்ளேயே ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. என் பிள்ளைகள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மாலே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எந்த நேரத்தில், யாரை, எவ்வளவு நேரம் அங்கே விடுகிறீர்கள் என்பதுதான் வழக்கு.

பத்துமலை நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமியாருக்கு வயது 68. இந்தப் பயணத்துக்கு அவர் சம்மதித்ததே பத்துமலை முருகனுக்காக. ஆத்தூர் போகும் வழியில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் குடமுழுக்கு நடந்த நம் முத்துமலை முருகன் 146 அடி. பத்துமலையில் 2006இல் திறந்த சிலை 140 அடி. இரண்டையும் உருவாக்கியவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. "தம்பி ஆறடி வளர்ந்துவிட்டான், அண்ணனைப் பார்க்க வேண்டாமா?" என்பார் அத்தை. ஓட்டலில் காலை உணவு முடித்து, எல்லோரும் கூடி, பஸ் கிளம்பவே பத்தாகிவிட்டது. மலையடிவாரத்தில் இறங்கியதும் வழிகாட்டி சொன்னது: "முக்கால் மணி நேரம்."

அங்கே 272 படிகள், அதுவும் செங்குத்து. ஏற்காட்டில் சேர்வராயன் குகைக் கோயிலுக்குள் இன்றும் யார் கையையும் பிடிக்காமல் குனிந்து போகிறவர் அத்தை. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றால் அவரால் ஏறிவிட முடியும். அந்த நிற்கும் நேரம்தான் உங்கள் கணக்கில் இல்லை. தொண்ணூறு படிபோல ஏறியபோது கீழேயிருந்து கைத்தட்டிக் கூப்பிட்டார்கள். மேலே அண்ணாந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார். பஸ்ஸில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இவ்வளவு அவசரப்படுத்தி எங்கே கொண்டுபோனார்கள் என்கிறீர்களா? ஒரு சாக்லேட் கடைக்கு. அங்கே நாற்பது நிமிடம். யாருக்கு என்ன பங்கு என்று நான் கேட்கப்போவதில்லை. வியாபார ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாததும் இல்லை. அடுத்து இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள சூரியா மால். அங்கே நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரத்தை ஆறு தளங்களில் செலவழிக்க எங்கள் ஆறு பேரில் தெம்பு இருந்தது எனக்கு மட்டும்தான். அத்தை எஸ்கலேட்டரைக் கண்டதும் சேலைக் கொசுவத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். லிப்ட் எங்கே இருக்கிறது என்று சொல்ல வழிகாட்டி பக்கத்தில் இல்லை. மாமாவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துப் பைகளுக்குக் காவல் வைத்தோம். அதே பெஞ்சில் வேறு மூன்று ஊர்த் தாத்தாக்களும் அதே வேலையில் இருந்தார்களாம். மொழி தெரியாமலே பழகிவிட்டார்கள்.

மாமா செவ்வாய்ப்பேட்டையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். கால் மரத்துப்போய் எழுந்து நடந்தவர், ஒரு கடைக் கண்ணாடிக்குள் 925 என்ற வெள்ளித் தர முத்திரையுடன் மெல்லிய கொலுசு ஒன்றைப் பார்த்து, என்ன எடை என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினாளாம். "எடை தெரியாமல் வெள்ளி விற்கிறார்கள்!" என்று இரவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த நான்கு மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

எனக்கு ஆறாத கோபம் வேறு. அந்த மாலின் பின்பக்க வாசலைத் தாண்டினால் 50 ஏக்கரில் ஒரு பூங்கா. மரநிழல், நடைபாதை, சிறுவர்கள் இறங்கி விளையாட ஆழமில்லாத ஒரு குளம். எல்லாம் இலவசம். சின்னவன் கழிப்பறை தேடிப்போய் வழிதவறியதால்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. அப்போது பஸ்ஸுக்கு இருபது நிமிடம் பாக்கி. 'மாலை: ஷாப்பிங், சொந்தச் செலவில்' என்று நிரலில் அச்சடித்தவர்கள், பக்கத்திலேயே 'பின்னால் பூங்கா உண்டு' என்று சேர்த்திருந்தால் மை தீர்ந்தா போயிருக்கும்?

சிங்கப்பூரில் முஸ்தபா கடையை யாரும் குறை சொல்ல முடியாது. கோடாலித் தைலம் முதல் பெட்டி வரை ஒரே கூரையின் கீழ். அத்தைகூட அங்கே பூரித்துப்போனார். ஆனால் பாஸ்போர்ட்களை எல்லாம் "பத்திரமாக இருக்கட்டும்" என்று உங்கள் ஆள் முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார். அந்த நாட்டில் விற்பனை வரி 2024 முதல் 9 சதவீதம். வரித்திருப்பத் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 டாலருக்கு வாங்கும் சுற்றுலாப் பயணி, வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டினால், விமான நிலையத்தில் சேவைக் கட்டணம் போக மீதி வரியைத் திரும்பப் பெறலாம். நாங்கள் வாங்கியது 430 டாலருக்கு. பாஸ்போர்ட் ஓட்டலில் தூங்கியது.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. சூரியா இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. வெயில் ஏறாத படிகள் காலையில் மட்டும்தான் கிடைக்கும். ஏழு மணிக்கு மலை, வெயில் உச்சியில் மால், வெயில் தாழ்ந்ததும் பூங்கா. மாலில் வயதானவர்களோடு ஓர் ஆள் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க விரும்புகிறவர்கள் டாக்சி பிடித்து ஓட்டலுக்கு வந்துகொள்வார்கள். நானே வருவேன்.

அத்தை தன் கணக்கில் இன்னும் நூற்று எண்பத்திரண்டு படி பாக்கி என்கிறார். அடுத்த ஆண்டு மறுபடியும் போகத் தயார். உங்கள் புதிய நிரலில் பத்துமலைக்கு எதிரே எவ்வளவு நேரம் போட்டிருக்கிறீர்கள் என்பதை முதலில் அனுப்புங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மருமகள்