செயலாளர் ஆண்டறிக்கை: சத்தமும் மௌனமும் பேசின வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். செயலாளரா இது எனக்கு ரெண்டாவது ஆண்டறிக்கை. நம்ம வரலாறு வாசிப்பு வட்டத்துல இந்த வருஷம் 11 கூட்டம் நடந்துச்சு, ஒண்ணு மட்டும் மழையால நின்னுபோச்சு, புதுசா 6 பேர் சேர்ந்திருக்காங்க. வரவு செலவ பொருளாளர் வாசிப்பார், நான் விஷயத்துக்கு வந்துடறேன்.

போன பொதுக்குழுவுல 'சத்தமும் மௌனமும்'னு இந்த வருஷத்துக்கான தலைப்ப எடுத்தப்ப ஒரு வருஷம் பேச இதுல என்ன இருக்குன்னு பல பேர் கேட்டீங்க, எனக்கும் அந்த சந்தேகம் இருந்துச்சு. முதல் கூட்டத்துல கொங்கு நாட்டு கம்மாளர் கல்வெட்ட வாசிச்சதும் அது போயிடுச்சு. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கலாம், பேரிகை கொட்டிக்கலாம், வெளிய போறப்ப செருப்பு போட்டுக்கலாம், வீட்டுக்கு சாந்து பூசிக்கலாம்னு ராஜா உரிமை குடுக்குறார். குடுக்குறார்னா அதுவரைக்கும் அவங்களுக்கு அது இல்லன்னுதானே அர்த்தம்? ஊருக்கே நகையும் சிலையும் செஞ்சு குடுத்தவங்க, சொந்த வீட்டு விசேஷத்துல சங்கு ஊத ஆணை வேண்டியிருந்திருக்கு. காலுக்கு செருப்பும் காதுக்கு சங்கும் ஒரே ஆணையில வர்றத என்னால இன்னும் மறக்க முடியல.

அடுத்து அமெரிக்கா. 1739ல தெற்கு கரோலினாவுல ஸ்டோனோ ஆத்துப் பக்கம் அடிமைகள் கிளர்ச்சி பண்ணாங்க, மேளம் அடிச்சுகிட்டே போனாங்க, வழியில ஆள் சேர்ந்துச்சு. மறு வருஷமே வந்த சட்டத்துல அவங்க மேளம், கொம்பு எல்லாத்துக்கும் தடை. மேளம்னா ஆள கூப்பிடுற செய்தின்னு முதலாளிங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. ஆனா கையும் காலும் இருக்கே, தாளம் அதுல போய் உக்காந்துகிச்சு. நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையில கைதிங்க ஒண்ணா வேலை பாக்கலாம், ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு இருந்த விதிய பத்தியும் அன்னிக்கே கொஞ்சம் பேசினோம்.

அதிகமா விவாதம் நடந்தது லண்டன பத்தி பேசின கூட்டத்துலதான். எழுத்தாளர் கார்லைல் 1850கள்ல மாடியில சத்தம் வராத ரூம் கட்டினார், அப்படியும் சத்தம் உள்ள வந்துச்சு. கணக்கு மேதை பாபேஜ் தெருவுல ஆர்கன் பெட்டி (கைப்பிடிய சுத்தினா பாட்டு வர்ற பெட்டி) வாசிக்கிறவங்களோட வருஷக்கணக்கா சண்டை போட்டார். 1864ல தெரு இசைக்கு எதிரா சட்டமே வந்துச்சு. எழுதுறவனுக்கு அமைதி வேணாமான்னு நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர் கேட்டது நியாயம்தான், நான் மறுக்கல. ஆனா பெட்டி வாசிச்சவங்கள்ல நிறைய பேர் பிழைக்க வந்த இத்தாலிக்காரங்க, அவங்களுக்கு சத்தம்தான் சோறு. காசுள்ளவன் அமைதிய கட்டிக்கறான், இல்லாதவன் போடுற சத்தத்துக்கு தொல்லைன்னு பேர் வைக்கறாங்க, என் கருத்து இதுதான்.

கடைசியா இத்தாலியில மிலான்ல 1880ல நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு. காது கேளாத பிள்ளைங்களுக்கு சைகை மொழி வேணாம், வாய்ப்பேச்சுதான் சொல்லித்தரணும்னு முடிவு பண்ணாங்க, பண்ணவங்க கிட்டத்தட்ட எல்லாருமே காது கேக்குறவங்க. அந்த முடிவ 2010ல கனடாவுல வான்கூவர்ல கூடின காது கேளாதோர் கல்வி மாநாடுதான் நிராகரிச்சுது, 130 வருஷம் ஆச்சு. இத பத்தி பேசின நம்ம கூட்டத்துக்கு காது கேளாத ரெண்டு பேர் வந்திருந்தாங்க, தன் ஸ்கூல் காலத்துல கைய கட்டி வெச்சத ஒருத்தர் சைகையில சொன்னப்ப ஹாலே அசையல. ஆனா மொழிபெயர்ப்பாளர ஒரு மணி நேரத்துக்குத்தான் ஏற்பாடு பண்ணியிருந்தோம், அவர் கிளம்பினதும் நாங்க பாட்டுக்கு பேசிகிட்டே இருந்தோம், அவங்க ரெண்டு பேரும் சும்மா பாத்துகிட்டு உக்காந்திருந்தாங்க. அது என் தப்பு, அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்.

அதனால செயற்குழு சார்பா ஒரு தீர்மானம் வைக்கறேன். வர்ற வருஷம் எல்லா கூட்டத்துக்கும், கூட்டம் முடியற வரைக்கும், சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்கணும், அதுக்கான செலவ சந்தாவுலேருந்தே ஒதுக்கணும். இன்னிக்கே கை தூக்கி ஓட்டு போட்டுடலாம்.