இணையத்தளத்தில் பழைய குளமட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி காலத்தில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் வான்கதவுகள் திறக்கப்படும் செய்தியையும் எம்மவரிற் பலர் இப்போது கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறார்கள். கடந்த மாரியில் நானும் ஓர் இணையத்தளத்தைப் பார்த்து, கதவுகள் இன்னும் திறக்கவில்லை என்று, அக்குளத்து நீர் பாயும் கனகராயன் ஆற்றோரம் வயல் செய்யும் என் மைத்துனரிடம் சொன்னேன். பக்கத்தின் தலையில் அன்றைய திகதி இருந்தது. கீழே பெட்டிக்குள் இருந்த நீர்மட்டமோ முதல்நாளுடையது. அவர் மேட்டுக்கு ஏற்றாமல் விட்ட நீர்ப்பம்பி வெள்ளத்தில் மூழ்கியது.

இணையச் செயலிகள் எழுதுவதே என் தொழில் என்பதால், இதன் காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. மழை நாளில் ஏராளமானோர் ஒரே நேரத்தில் திறக்கும் பக்கத்தை ஒவ்வொருவருக்கும் புதிதாக ஆக்கினால் சேவையகம் திணறும் என்பதால், அதன் சில துண்டுகளை ஒருமுறை ஆக்கி, கேச் எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் வைத்துத் திரும்பத் திரும்ப வழங்குவார்கள். அது தேவையானதே. ஆனால் அத்துண்டு காலாவதியாவதை மணிக்கூட்டிடம் மட்டும் ஒப்படைத்தால், குளம் நிரம்பினாலும் குறித்த மணித்தியாலம் முடியும்வரை பழைய எண்ணே நிற்கும்.

இணையச் செயலிகளை எழுத உதவும் ரூபி ஒன் ரெயில்ஸ் சட்டகத்தில், தரவுத்தளத்தில் உள்ள பதிவு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைத் துண்டின் சாவியோடு, அதாவது கேச்சில் அதைத் தேடி எடுக்க உதவும் பெயரோடு, இணைக்கலாம். நீர்மட்டம் மாறியதும் சாவி மாறும். பழைய துண்டை எவரும் தேடி அழிக்க வேண்டியதில்லை, கேட்பாரற்றுக் கிடக்கும் அதனை மெம்கேச்ட் போன்ற கேச் மென்பொருள், இடம் தேவைப்படும்போது தானே கழித்துவிடும். (2018 இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து சாவியை மாற்றாமல் நேரத்தைத் தனியே வைத்து ஒப்பிடவும் முடிகிறது, பயன் ஒன்றே.) இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றை ஒரே பட்டியலுக்குள் வைத்தால், ஒரு குளத்தின் பதிவு திருந்தும்போது பட்டியலின் நேரமும் புதுப்பிக்கப்பட வேண்டும்; 'டச்' என்ற அமைப்பு அதற்கே உள்ளது.

பலர் தவறவிடும் இடம் வேறொன்று. அளவுகளைத் தரவுத்தளத்தில் நேரடியாக எழுதினாலோ, 'அப்டேட் ஆல்' கட்டளையால் மொத்தமாகத் திருத்தினாலோ, ரெயில்ஸ் திருத்த நேரத்தைத் தானாக மாற்றுவதில்லை. தரவு புதிதாக இருக்க, வாசகர் பழைய துண்டையே காண்பார்.

ஆகவே இத்தகைய தளங்களை நடத்துவோர், அளவெடுத்த திகதியையும் நேரத்தையும் நீர்மட்டப் பெட்டிக்குள்ளேயே காட்ட வேண்டும் என்றும், வான்கதவு அறிவித்தலை எந்தச் சேமிப்பிலும் வைக்காமல் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்றும் அடுத்த மாரிக்கு முன்பாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இணையச் செயலி உருவாக்குநர் ஒருவர்,
கிளிநொச்சி.