மூடிய ஓட்டைக்குச் சிவப்பு வண்ணம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஏழாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து எழுத நேரமே கிடைக்கவில்லை. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்பச் சந்தோஷம், நான் சொன்னதாகச் சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அரசாங்கமும் காண்ட்ராக்டரும் கைகோத்தால் வேலை செய்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். ஒரு வருஷம் முன்னால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் மூட்டையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக் கொடுப்பதும், அவர் வண்டி கிளம்பியதும் திரும்ப வாங்கி அடுக்குவதும் நாம் இருவரும் பார்த்ததுதானே.

நம் முதல் சைட்டில் விழுந்த அந்தப் பையனை நீ மறந்திருக்க மாட்டாய். தளத்தில் குழாய்க்காக விட்ட ஓட்டையை ஒரு பிளைவுட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை, மேலே எதுவும் எழுதவும் இல்லை. சும்மா கிடக்கிற பலகை என்று நினைத்து அவன் இரண்டு கையாலும் தூக்கினான். தூக்கிய பலகை முகத்துக்கு முன்னால் மறைத்துக்கொண்டது. ஒரே ஓர் அடிதான் எடுத்து வைத்தான். இடுப்பெலும்பு உடைந்து கிடந்தவனைப் பலகையிலேயே வைத்துத் தூக்கிப் போனோம். கவனமில்லாமல் நடந்தான் என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிட்டார்கள். அந்த வரி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இப்போது என் சைட்டில் இன்ஸ்பெக்டரை அனுப்பும் அரசுத் துறை, கம்பெனி, சப் காண்ட்ராக்டர்கள், தொழிலாளர் சார்பில் நான்கு பேர் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சைட்டைச் சுற்றி வருவோம். மயிரிழையில் தப்பியது எதுவானாலும் நோட்டில் எழுத வேண்டும். நாங்களாக வாய் திறந்து சொன்ன குறைக்கு அபராதம் கிடையாது, ஆனால் குறித்த நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தும் அதிகாரம் இன்ஸ்பெக்டரிடம் அப்படியே இருக்கிறது. அந்த அதிகாரம் போயிருந்தால் நானே இதை நம்பியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷா 1998 முதல் இப்படிக் கூட்டு ஒப்பந்தங்கள் போடுகிறது. அங்கேயும் கையெழுத்துப் போட்ட காரணத்தால் சட்டத்திலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

மூன்றாவது சுற்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் தளத்தில் சித்தாள் வேலை செய்யும் அக்கா ஒருவர் இன்ஸ்பெக்டரை நிறுத்தி, "ஐயா, அந்தப் பலகையை மிதிக்காதீங்க, கீழே ஓட்டை" என்றார். மேஸ்திரி முறைத்தார். இன்ஸ்பெக்டர் மண்டியிட்டுப் பலகையின் ஓரத்தை விரலால் தள்ளினார், அது நகர்ந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு பலகை கண்டுபிடித்தோம். இப்போது எல்லாமே நகராதபடி ஆணி அடித்து, சிவப்பு வண்ணம் பூசி, 'ஓட்டை' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. எழுத்து தெரியாதவர்களுக்காகப் படமும் வரையச் சொன்னது அந்த அக்காதான். முன்பெல்லாம் இருந்த பயத்தில் அவர் வாயே திறந்திருக்க மாட்டார், நானும் பலகையைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அடுத்தது பணம். குறைந்த விலை சொன்னவனுக்கே வேலை என்றால், அந்த விலையைக் குறைக்க முதலில் வெட்டு விழுவது வலையிலும் கைப்பிடியிலும்தான். ஹாங்காங் அரசு 1996இல் இதற்கு ஒரு வழி கண்டது. பொதுப்பணி டெண்டரில் பாதுகாப்புச் செலவைப் போட்டியிலிருந்து தனியாக எடுத்து, ஒப்பந்தத் தொகையில் ஏறத்தாழ 2 சதவீதம் அதற்கென்றே ஒதுக்கியது. செய்து காட்டினால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். காண்ட்ராக்டர் தர்மவானாக இருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை பார். லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவைக் கட்டி முடித்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை. வேலை கொடுத்த அரசு அமைப்பு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பை நிபந்தனையாக வைத்தது அதில் பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

இன்னும் மனசுக்கு ஒப்பாத ஒன்று உண்டு. சப் காண்ட்ராக்டருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று ஆள் கூட்டி வருகிறார்கள். கடைசியில் வருகிறவர் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இருப்பதில்லை. போன வாரம் ஒருவர், உயரத்திலிருந்து விழாமல் தாங்கும் ஹார்னஸ் பட்டையை முறையாக மாட்டியிருந்தார், கொக்கியை மட்டும் சாரத்தின் தளர்ந்த குழாயில் போட்டிருந்தார். எதில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் காட்டவே இல்லை, வந்து இரண்டே நாள்தான். இனிமேல் பயிற்சி முடிக்காமல் யாரையும் வாசலைத் தாண்டி விடக்கூடாது என்று அடுத்த கூட்டத்தில் சண்டை போடப் போகிறேன்.

அப்புறம் ஒரு உதவி. அந்த முதல் சைட்டில் நீ வைத்திருந்த நீல அட்டை நோட்டில் ஆட்களின் முகவரி எழுதி வைப்பாய். அது இன்னும் இருக்கிறதா? அந்தப் பையன் முகவரி இருந்தால் எழுது. போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நீயும் வந்தால் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
உன் பழைய சைட் தோழன்